நின்ற இடத்திலேயே ஓடிய ஜீப்

ராமேஸ்வரத்தில் மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஐஸ் உடைக்க ஒரு கொட்டகை, தகரக் கூரை போட்ட ஓர் ஆபீஸ், மீன் ஏற்றும் ஒன்பது கூண்டு வண்டிகள், ஒரு முதலாளி, அவ்வளவுதான். காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் மீனும் நண்டும் இறாலும் ஐஸோடு பெட்டிகளில் அடைபடும். வெயில் ஏறுவதற்குள் வண்டிகள் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். ஏதாவது ஒரு வண்டி தாண்டவில்லை என்றால் அன்றைக்கு முதலாளி சாப்பிட மாட்டார். எங்களையும் சாப்பிட விடமாட்டார்.

அந்த வண்டிகளுக்கு எப்போது ஆயில் மாற்றுவது, எப்போது பிரேக் பார்ப்பது என்பதெல்லாம் டிரைவர்களின் காதையும் முதலாளியின் மனநிலையையும் பொறுத்தே நடந்துகொண்டிருந்தது. டிரைவர் வந்து, "மொதலாளி, வண்டி ஒரு மாதிரியா மொனகுது" என்பார். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தால் மெக்கானிக்குக்குப் போன் போகும். இல்லாவிட்டால், "ஒனக்கும்தான் வயித்துக்குள்ள மொனகுது, ஒன்னைய ஆஸ்பத்திரிக்கா அனுப்புறேன்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படி முனகிக்கொண்டே ஓடிய வண்டி ஒன்று, கோடைக்கால மத்தியானம் ஒன்றில், உப்பூர் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றுவிட்டது. உள்ளே முழுக்க நண்டும் சீலா மீனும். முதலாளி போய்ச் சேர்ந்தபோது ஐஸ் உருகி ரோட்டில் ஓடையாகப் போய்க்கொண்டிருந்ததாம். உப்பூர் நாய்கள் குடும்பம் குடும்பமாக வந்து சுற்றி உட்கார்ந்திருந்தனவாம். இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக், ஆயில் என்று ஒன்று இதற்குள் இருந்ததற்கான அடையாளமே இல்லை என்று சொல்லிவிட்டார். சட்டை முழுக்க நண்டு வாடையோடு திரும்பி வந்த முதலாளி என் மேஜை முன்னால் நின்றார்.

"ஏத்தா, இனிமே நம்ம ஞாபகத்த நம்பக் கூடாது. கம்ப்யூட்டர்கிட்ட விட்ருவோம்."

அடுத்த வாரமே மதுரையிலிருந்து ஓர் இளைஞர் லேப்டாப் பையோடு வந்து இறங்கினார். வண்டி பராமரிப்புக்கான சாஃப்ட்வேர் விற்பவர். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்ன டப்பாவை மாட்டிவிடுவார்களாம். வண்டி எங்கே போகிறது, எவ்வளவு தூரம் ஓடியது என்று டப்பா சொல்லிக்கொண்டே இருக்குமாம். சர்வீஸ் நேரம் வந்தால் முதலாளி போனுக்கும் என் போனுக்கும் மெக்கானிக் போனுக்கும் மெசேஜ் வந்துவிடுமாம்.

"ஆறு மாசம், இல்லாட்டி பத்தாயிரம் கிலோமீட்டர் சார். எது முதல்ல வருதோ அப்ப சர்வீஸ்."

"எது மொதல்ல வரும்?" என்று கேட்டார் முதலாளி.

"அது வண்டி ஓடுறதைப் பொறுத்து சார்."

"அது தெரியாமத்தானே தம்பி ஒங்களைக் கூப்புட்டுருக்கேன்."

இளைஞர் ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டு விளக்கினார். நிறைய ஓடும் வண்டிக்குத் தூரம் முதலில் வரும், குறைவாக ஓடும் வண்டிக்குக் காலம் முதலில் வரும். முதலாளி கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நாள்ல வந்துருச்சுன்னா?"

"அப்பவும் ஒரு சர்வீஸ்தான் சார்."

"அப்ப நமக்கு ஒண்ணு லாபம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு யோசித்துவிட்டு, "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்கு தம்பி சர்வீஸு?" என்று கேட்டார்.

"நின்னாலும் ஆயில் கெட்டுப் போகும்ல சார். நாம நின்னாலும் நாள் போய்க்கிட்டுத்தானே இருக்கு."

முதலாளி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சரி என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் வியாபாரம் முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. பத்து வண்டிக்குக் குறைவான திட்டம் அவர்களிடம் இல்லை. எங்களிடம் ஒன்பதுதான். பத்தாவது இடத்தைச் சும்மா விட்டுவிடலாம் என்றார் இளைஞர். ஆனால் எங்கள் முதலாளி, ஓட்டலில் நாலு இலை போட்டு மூன்று பேர்தான் இருக்கிறோம் என்றால் ரோட்டில் போகிற ஆளைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறவர். சும்மா விடுவதாவது! ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பின்னால் பூவரச மரத்தடியில் அவருடைய அய்யாவின் ஜீப் நின்றது.

தனுஷ்கோடிக்குத் தார் ரோடு வருவதற்கு முன்னால், மணலுக்குள் போய் மீன் எடுத்துவருவதற்காக அவர் அய்யா வாங்கிய ஜீப் அது. அய்யா போன பிறகு நாலு சக்கரத்துக்கும் கீழே செங்கல்லை அடுக்கி நிறுத்திவிட்டார்கள். பேட்டரி இல்லை. முன்சீட்டில் கிழிந்த வலையும் பின்சீட்டில் ஒரு பூனையும் குடியிருந்தன. ஆனாலும் ரிஜிஸ்டிரேஷன், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் முதலாளி தவறாமல் புதுப்பித்துவந்தார். அய்யா பெயரில் வரும் பேப்பர் நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"பத்தாவது இதைப் போட்ருங்க தம்பி."

டப்பாவுக்கு வண்டியின் பேட்டரியிலிருந்துதான் கரண்ட் வர வேண்டும். இளைஞர் ஜீப்பைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, என் டேபிள் ஃபேன் மாட்டும் பிளக்கிலிருந்து ஒரு ஒயரை இழுத்தார். ஒயர் ஜன்னல்வரைதான் எட்டியது. டப்பாவை ஜன்னல் கம்பியிலேயே கட்டிவிட்டு, "ஜீப்புக்குப் பக்கத்துலதானே மேடம் இருக்கு, ஒண்ணும் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடித்தார்.

ஒன்பது வண்டிகளைப் பொறுத்தவரை அந்த சாஃப்ட்வேர் ஒழுங்காக வேலை செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆயில் மாற்ற வேண்டிய வண்டி திரையில் சிவப்பாகும். மாற்றி முடித்து, கழற்றிய பொருளைப் போட்டோ எடுத்து ஏற்றினால் பச்சையாகிவிடும். எத்தனை வண்டி பச்சையாக இருக்கிறது என்பதைப் பார்த்து மேலே நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பெண் வரும். பள்ளிக்கூடத்தில் வாங்காத மதிப்பெண்ணையெல்லாம் முதலாளி இப்போது வாங்க ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார் என்று அவர் சம்சாரம் என்னிடம் குறைப்பட்டார்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மதிப்பெண் தடாலென்று விழுந்தது. பத்தாவது வண்டி சிவப்பாகிவிட்டது. காரணம் என்ன என்று தட்டிப் பார்த்தேன். ஓட்டம் அதிகம், பத்தாயிரம் கிலோமீட்டர் நெருங்கிவிட்டது என்று இருந்தது.

நான் எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜீப் செங்கல் மேல் நின்றது. பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

திரையில் வரைபடத்தைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ஆபீஸுக்குப் பின்னாலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கடலுக்கு மேலாக நேரே இலங்கைக்குப் போயிருந்தது. தலைமன்னாரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதே வழியில் திரும்பியிருந்தது. ஒருமுறை அல்ல. ஒரு நாளைக்குப் பல முறை, கிழிந்த வலையைத் தைத்ததுபோல இரண்டு கரைக்கும் நடுவில் கோடு கோடாகக் கிடந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய அதிசயம் இல்லை. கிழக்குப் பக்கம் போனால் எங்கள் போன்களே சில நேரம் அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். தகரக் கூரையும் பூவரச மரமும் வானத்தை மறைப்பதால், டப்பா, தான் எங்கே இருக்கிறது என்று பக்கத்து டவரைக் கேட்டிருக்கிறது. சில நேரம் எங்கள் டவர் பதில் சொல்லியிருக்கிறது, சில நேரம் அந்தக் கரை டவர் பதில் சொல்லியிருக்கிறது. உண்மையில் இலங்கைக்குப் போய்வந்தது ஜீப்கூட இல்லை, எங்கள் ஆபீஸ் ஜன்னல்.

நான் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், வண்டியைக் கடல்ல இருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பாருங்க."

"எந்தப் பக்கம் தள்ளினாலும் கடல்தான் சார். இது தீவு."

அந்தப் பக்கம் கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. "தீவுன்னு எங்ககிட்ட ஆப்ஷன் இல்ல மேடம்" என்றார்.

ஓடிய தூரத்தைக் குறைக்க முடியாதாம். ஒரு வருடத் திட்டம் முடியும்வரை வண்டியை நீக்கவும் முடியாதாம். டப்பாவைப் பிடுங்கினால் வண்டி திருட்டுப்போனதாக எச்சரிக்கை வந்துகொண்டே இருக்குமாம். சிவப்பைப் பச்சையாக்க ஒரே வழி, சர்வீஸ் செய்து போட்டோ ஏற்றுவதுதான்.

நான் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு டவர் விவகாரம் புரிந்தது. ஆனால் மதிப்பெண் விழுந்ததை அவரால் தாங்க முடியவில்லை. "ஒரு சர்வீஸுதானே ஏத்தா, பண்ணி விட்ருவோம்" என்றார்.

எங்கள் மெக்கானிக் பாம்பன்காரர். எல்லோருக்கும் அவர் பாய். ஜீப்பின் பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை விட்டுப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதுல ஆயிலே இல்ல. மாத்தணும்னா மொதல்ல ஊத்தணும்."

"ஊத்துங்க பாய்."

"ஊத்திட்டு ஒடனே எறக்கணுமா, இல்ல கொஞ்ச நாள் கெடக்கணுமா?"

ஊற்றியதோடு நிறுத்திப் போட்டோ எடுத்தோம். ஜீப் பச்சையானது. முதலாளி அன்றைக்கு எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஜீப் மறுபடியும் சிவப்பானது. இந்த முறை பாய் ஆயிலைத் திறந்துவிட்டார். அது நெய் மாதிரி இறங்கியது. பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதைக் கொண்டுபோய்க் கீழ ஊத்துனா அல்லா கேப்பான் மொதலாளி."

அதனால் அந்த ஆயிலை மூன்றாம் நம்பர் வண்டிக்கு ஊற்றினார்கள். அதிலிருந்து அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. கடையிலிருந்து வரும் புது ஆயில் முதலில் ஜீப்புக்குள் ஒரு மாதம் இருக்கும். பிறகுதான் ஓடுகிற வண்டிக்குப் போகும். ஏன் இப்படி என்று புதிதாக வந்த டிரைவர் ஒருவர் கேட்டபோது, "ஊறணும்ல" என்று முதலாளி பதில் சொன்னதை நானே கேட்டேன்.

ஆயிலோடு நிற்கவில்லை. இலங்கைக்குப் போய்வரப் போய்வரத் தூரம் ஏறியது. ஃபில்டர் மாற்றச் சொன்னது. பிரேக் லைனிங் மாற்றச் சொன்னது. டயர் தேய்ந்திருக்கும் என்றது. டயர் மாற்றுவதற்காகச் செங்கல்லை எடுத்தார்கள். பேட்டரி தூரத்தால் அல்ல, காலத்தால் சிவப்பானது. இல்லாத பேட்டரியை மாற்ற வேண்டும் என்றால் இருக்கிற பேட்டரியாக வாங்க வேண்டியதாயிற்று. முன்சீட்டு வலை குடோனுக்குப் போனது. பூனை மட்டும் போகவில்லை.

முதலில் முகம் சுளித்த பாய், போகப்போக ஜீப்பின் மேல் உயிரையே வைத்துவிட்டார். அவரிடம் வரும் வண்டிகளிலேயே மீன் வாடை அடிக்காத வண்டி அது ஒன்றுதான். ஓட்டிக் கெடுக்கிற டிரைவரும் அதற்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராக இங்கேதான் வருவார். ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. சும்மா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். மீன் வண்டிகளைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஜீப்பைத் தொடுவார்.

இதில் கஷ்டப்பட்டது ஏழாம் நம்பர் வண்டி டிரைவர். தங்கச்சிமடத்துக்காரர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. அவர் வண்டியில் பிரேக் மிதித்தால் கிறீச்சென்று சத்தம் வரும். அவர் வந்து சொல்லும்போதெல்லாம் முதலாளி போனை எடுத்துக் காட்டுவார்.

"ஏலே, ஒன் வண்டி பச்சையாத்தானே இருக்கு. செகப்பானதும் வா."

"சத்தம் வருது மொதலாளி."

"சத்தத்துக்குக் கலர் இல்லலே."

ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல், "எனக்கும் இலங்கைக்கு ஒரு டிரிப்பு போட்டுக் குடுங்க. அப்பவாச்சும் பிரேக்கு மாத்துவீக" என்று கத்திவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்றும் தெரிந்தது.

வீட்டில் இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என் சித்தப்பாவின் படகு எல்லை தாண்டியது என்று பிடிபட்டு அந்தக் கரையில் நிற்கிறது. சித்தப்பா திரும்பிவிட்டார், படகு வரவில்லை.

"ஜீப்பு தெனமும் போயிட்டு வருதா?"

"வரைபடத்துலம்மா. நெசமா இல்ல."

"வரைபடத்துலதானே கோடே இருக்கு" என்றாள் அம்மா. "கடல்லயா கோடு போட்டு வச்சிருக்காக? ஜீப்ப விட்டுர்றாக, படகை மட்டும் புடிக்கிறாக." பிறகு மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் ஆபீஸில் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது முன்னால் வந்த சிரிப்பு வரவில்லை.

முதலாளிக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரைபடத்தைப் படம் பிடித்து, 'நம்ம அய்யா ஜீப்பு இந்த வாரம் இலங்கைக்குப் பல டிரிப்பு அடிச்சிருச்சு' என்று எழுதி, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் அதை அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள். அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. அந்த வாரமே இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டினார்கள். காட்டிய வேகத்தில் எந்தத் துறை என்று என்னால் படிக்க முடியவில்லை.

"இங்கன ஒரு ஜீப்பு அடிக்கடி இலங்கைக்குப் போயிட்டு வருதாமே?" என்று மூத்தவர் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கே தன் கேள்வி பிடிக்காததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அது ஓடாத வண்டி என்று சொல்லி நான்தான் பின்னால் கூட்டிப் போனேன். ஜீப்பைப் பார்த்ததும் அவர்கள் சந்தேகம் தீரும் என்று நினைத்திருந்தேன். அந்த ஜீப் இப்போது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"ஓடாத வண்டின்னு சொன்னீக."

"ஓடாது சார்."

"டயரு புதுசு. பேட்டரி புதுசு. பிரேக்கும் புதுசா இருக்கு."

"ஆமா சார்."

"ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா இவ்வளவு சர்வீஸு?"

"ஓடுனதா காட்டுது சார். அதுனால பண்ணுறோம்."

கம்ப்யூட்டரைக் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். எத்தனை முறை கடல் தாண்டியது, அதற்குப் பிறகு எப்போது ஆயில் மாற்றினோம், எப்போது ஃபில்டர் மாற்றினோம் எல்லாம் போட்டோவோடு இருந்தது. நான் ஒன்றையும் விட்டுவைக்காமல் ஒழுங்காக ஏற்றியிருந்தேன். மூத்தவர் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

இளையவர் மெதுவாக, "சார், கடல்ல ஜீப்பு எப்படி சார் போகும்?" என்றார்.

"அதைத்தான்யா விசாரிக்க வந்துருக்கோம்."

அந்த நேரம் பார்த்துப் பாய் குறுக்கே வந்தார். அன்று வெள்ளிக்கிழமை. "சார், உப்புத் தண்ணி பட்டுருந்தா அடிப்பக்கம் துரு புடிச்சிருக்கும். குனிஞ்சு பாருங்க, கண்ணாடியாட்டம் வச்சிருக்கேன்."

மூத்தவர் மறுபடி ஜீப்பிடம் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "எதுக்குக் கண்ணாடியாட்டம் வச்சிருக்கீக?" என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார்.

யார் செய்த புண்ணியமோ, அப்போது மூத்தவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். 'இலங்கை உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று மெசேஜ் வந்திருந்தது. கடல் பக்கம் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் இப்ப எங்கய்யா நிக்கிறேன்?"

"ராமேஸ்வரத்துலதான் சார்" என்றார் இளையவர்.

நான் டவர் விவகாரத்தைச் சொன்னேன். கையிலேயே மெசேஜ் இருந்ததால் உடனே புரிந்தது. டீ குடித்தார்கள். ஆனாலும் புகார் என்று ஒன்று வந்துவிட்டதால் மேலதிகாரி வண்டியை நேரில் பார்த்து எழுதி முடிக்க வேண்டுமாம். "திங்கக்கிழமை ராமநாதபுரம் ஆபீஸுக்கு வண்டியக் கொண்டாந்து காட்டிட்டுப் போயிருங்க."

"ஓடாதுங்களே சார்" என்றார் முதலாளி, முதன்முதலாக வாயைத் திறந்து.

"இவ்வளவு சர்வீஸ் பண்ணிருக்கீக. ஓடாம எங்க போகும்?"

அவர்கள் போனதும் பாய் கேனிலிருந்து கொஞ்சம் டீசல் ஊற்றிச் சாவியைத் திருகினார். ஒரே திருகு. ஜீப் ஒரு முறை குலுங்கிக் கரும்புகையைக் கக்கிவிட்டுத் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. பூனை பாய்ந்து மதில் மேல் ஏறியது. முதலாளி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். முதலாளி ஓட்டினார், பாய் பக்கத்தில், பேப்பர்களோடு நான் பின்னால். ஜன்னல் கம்பியில் டப்பா இருந்ததை யாரும் நினைக்கவில்லை. பாம்பன் பாலத்தில் காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. என் போனைத் திறந்தால் ஜீப் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் மண்டபத்தைத் தாண்டும்போது திரையில் அது ஒருமுறை தலைமன்னாருக்குப் போய்விட்டு வந்தது.

ராமநாதபுரத்தில் அதிகாரி இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் சரிபார்த்தார். கையெழுத்து வாங்கினார். வண்டியைச் சுற்றிவந்து, "விக்கிற எண்ணம் இருக்கா?" என்று கேட்டார். முதலாளி அதை அவமானமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

திரும்பும் வழியில், உச்சிப்புளி வருவதற்குள் ஜீப் இருமியது. பிறகு நின்றது. பாய் இறங்கி எல்லாவற்றையும் பார்த்தார். ஆயில் சரி, ஃபில்டர் சரி, பேட்டரி சரி. கடைசியில் டேங்க் மூடியைத் திறந்தார். டீசல் இல்லை. முதலாளி போட்டிருப்பார் என்று பாய் நினைத்திருக்கிறார். பாய் போட்டிருப்பார் என்று முதலாளி நினைத்திருக்கிறார். நான் எதையும் நினைக்கவில்லை. திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. டீசல் போடு என்று அந்த சாஃப்ட்வேர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பங்க்கில் டீசல் வாங்கி ஊற்றினோம். வறண்ட இன்ஜின் காற்றை உள்ளே இழுத்துவிட்டதாம். குழாயைக் கழற்றிக் காற்றை வெளியேற்றினால்தான் கிளம்புமாம். அதற்கான ஸ்பேனர் ஆபீஸில். வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது, மதுரையில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்த ஏழாம் நம்பர் எங்களைப் பார்த்து நின்றது. கிறீச்சென்றுதான் நின்றது.

டிரைவர் இறங்கி ஜீப்பையும் எங்களையும் பார்த்தார். "இலங்கைக்குப் போற வண்டிக்கு உச்சிப்புளி தாண்ட ஏலலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கயிற்றை எடுத்துக் கட்டினார்.

அவர் வண்டியில் பிரேக் பாதிதான் பிடித்தது. அதனால் இழுத்துப் போகும் வண்டி வேகம் குறைக்க வேண்டிய இடத்திலெல்லாம், பின்னால் இழுபட்டு வந்த ஜீப் பிரேக் போட்டது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார், முதலாளி மிதிப்பார், இரண்டு வண்டியும் நிற்கும். பாம்பன் பாலத்தில் ஏறியதும் வழக்கமான கூட்டம். ரயில் பாலத்தைப் படம் பிடிக்க எல்லோரும் காரை நிறுத்தியிருந்தார்கள். நாங்களும் நின்றோம். வடநாட்டுக் குடும்பம் ஒன்று ஜீப்பைப் பார்த்ததும், தனுஷ்கோடியைச் சுற்றிக்காட்டும் வாடகை ஜீப் என்று நினைத்து ஓடிவந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். அந்த அப்பா பானெட்டைத் தட்டி, "தனுஷ்கோடி?" என்று கேட்டார்.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "ஏத்தா, தனுஷ்கோடி கேக்குறாக."

"மொதலாளி, நாம கயித்துல போய்க்கிட்டு இருக்கோம்."

"போய்க்கிட்டுத்தானே இருக்கோம். ஏறச் சொல்லு."

ஏறிக்கொண்டார்கள். சின்னவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் வண்டிக்குள் இருந்த டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. மீன் வாடையோடு கயிறு இறுக, நாங்கள் ஏழு பேரும் பாலத்தை விட்டு இறங்கினோம். குழந்தைகளின் அம்மா கயிற்றைப் பார்த்துக் கணவரிடம் ஏதோ கேட்டார். அவர் இது இந்த ஊர் வழக்கம் என்பதுபோலக் கையை விரித்தார்.

ஆபீஸில் பாய் ஸ்பேனரை எடுத்துக் காற்றை வெளியேற்றியதும் ஜீப் கிளம்பிவிட்டது. முதலாளி இறங்கவே இல்லை. அந்தக் குடும்பத்தோடு நேரே தனுஷ்கோடி ரோட்டில் போய்விட்டார். தூசி அடங்கும்வரை பாயும் ஏழாம் நம்பர் டிரைவரும் நானும் வாசலில் நின்றோம்.

நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். சாஃப்ட்வேரில் ஒரு வண்டியைக் கையாலேயே சிவப்பாக்கும் வழி ஒன்று இருந்தது. அதுவரை அதை யாரும் தொட்டதில்லை. யாரையும் கேட்காமல் ஏழாம் நம்பரைத் தட்டினேன். வெளியே பாயின் போன் ஒலித்தது. அவர் பார்த்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

முன்சக்கரத்தைக் கழற்றியதும் டிரைவரும் நானும் குனிந்து பார்த்தோம். லைனிங் என்று ஒன்றும் மிச்சமில்லை. இரும்பும் இரும்பும் உரசிப் பளபளத்தது. பாய் அதை விரலால் தடவினார்.

"நல்லவேளை தங்கச்சி, பின்னால ஜீப்பு இருந்துச்சு" என்றார்.